மக்ரானுக்குப் பள்ளிக்கூடம் வந்த வழி

பலூச்சி மொழியில் ‘லோக்’ என்றால் வீடு. உருதுவில் ‘லோக்’ என்றால் மக்கள். இரண்டையும் எழுதுவது ஒரே மாதிரிதான், ஒலியும் ஏறக்குறைய ஒன்றுதான். பாகிஸ்தானின் தென்மேற்கு மூலையில், ஈரான் எல்லையை ஒட்டி மந்த் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு பிள்ளை ஐந்து ஆறு வயதில் பள்ளிக்கூடம் போகிறது. அதுவரை அதன் காதில் விழுந்ததெல்லாம் பலூச்சி. தண்ணீர் ‘ஆப்’, இரவு ‘ஷப்’, பேரீச்ச மரம் ‘மச்’. பாடப்புத்தகத்திலோ தண்ணீர் ‘பானி’, இரவு ‘ராத்’, பேரீச்சை ‘கஜூர்’. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தெரிந்த முகம் போல ‘லோக்’ வந்து நிற்கிறது. பிள்ளை அதை வீடு என்றே படிக்கிறது. வாக்கியம் பிடிபடுவதில்லை.

மந்திலிருந்து எல்லையைத் தாண்டினால் ஈரானின் பீஷின். அங்கேயும் அதே பலூச்சிதான். பல குடும்பங்களுக்கு மாமன் மச்சான் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். ஆனால் அங்கே பள்ளிக்கூடம் பாரசீகத்தில் நடக்கிறது. 1871-ல் கோல்ட்ஸ்மிட் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்த வட்டாரமான மக்ரானின் குறுக்கே எல்லைக்கோடு போட்டார். அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் பிறக்கிறோம் என்பதை வைத்துத்தான் ஒரு பலூச் பிள்ளை எந்த அந்நிய மொழியில் எழுத்துக் கூட்டப் போகிறது என்பது இன்றும் முடிவாகிறது.

பலூச் பகுதிகளில் படிப்பு ஏன் பின்தங்கியிருக்கிறது என்று கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். ‘அவர்கள் பழங்குடிகள், பாலைவனத்துக்காரர்கள், படிப்பில் அக்கறை இல்லை’ என்பார்கள். இந்தப் பதில் தவறு என்பது மட்டுமில்லை, அநியாயமானதும்கூட என்று நினைக்கிறேன். மக்ரானின் கதையைப் பார்த்தால் படிப்பை மக்கள் தேடிப் போயிருக்கிறார்கள், தங்கள் கைக்காசைப் போட்டிருக்கிறார்கள், சிலர் அதற்காக உயிரையும் விட்டிருக்கிறார்கள். தடுமாற்றமெல்லாம் பள்ளியைக் கொண்டுவந்து வைத்தவர்கள் பக்கம்தான்.

முதலில் அளவைச் சொல்லிவிடலாம். பலுசிஸ்தான் மாகாணம் பாகிஸ்தானின் நிலப்பரப்பில் சுமார் 44 சதவீதம். 2023 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் சற்றுக் குறைவு. நாட்டின் எழுத்தறிவு 61 சதவீதத்தைத் தொடும்போது இங்கே 42 தான். பெண்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் என்பது இந்த மாகாணத்தின் தென்மேற்குப் பகுதி. கேச், பஞ்ச்கூர், குவாதர் என்று மூன்று மாவட்டங்கள். கேச் மாவட்டத்தின் தலைநகர் துர்பத். 2017 மே 28 அன்று அங்கே வெப்பம் 53.7 டிகிரி செல்சியஸைத் தொட்டது. உலகில் நம்பகமாக அளக்கப்பட்ட மிக உயர்ந்த வெப்பநிலைகளில் அதுவும் ஒன்று.

பள்ளிக்கூடம் வருவதற்கு முன் அங்கே கல்வியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மசூதியில் முல்லாவிடம் பிள்ளைகள் அரபியில் குர்ஆன் ஓதக் கற்றார்கள். கொஞ்சம் வசதி இருந்தவர்கள் பாரசீகமும் படித்தார்கள், ஏனென்றால் கலாத் என்ற பலூச் சமஸ்தானத்தின் ஏட்டு மொழி பாரசீகம். பலூச்சியில் யாரும் பெரிதாக எழுதவில்லை. அது வாயிலும் காதிலும் வாழ்ந்த மொழி. போர்களும் காதலும் குலங்களின் வழக்குகளும் நீண்ட பாடல்களாகப் பாடகர்களின் நினைவில் இருந்தன. ‘ஹால்’ என்று ஒரு வழக்கமும் உண்டு. வெளியூர்க்காரர் வந்து உட்கார்ந்ததும் எங்கிருந்து வருகிறார், வழியில் என்ன பார்த்தார், மழை உண்டா, யார் நலம், யார் இறந்தார் என்று வரிசை தப்பாமல் சொல்ல வேண்டும். கேட்பவரும் தன் பக்கச் செய்தியை அதே ஒழுங்கில் சொல்வார். எழுத்தில்லாத ஊரில் செய்தித்தாள் வேலையை இது செய்தது. இப்படி நினைவையும் பேச்சையும் தீட்டி வைத்திருந்த சமூகத்தை வெறும் கையெழுத்துக் கணக்கை வைத்துப் ‘படிக்காதவர்கள்’ என்று எழுதியதில் ஒரு பெரிய விடுபடல் இருக்கிறது.

சரி, ஆங்கிலேயர் என்ன செய்தார்கள்? மக்ரான் கரையில் அவர்கள் முதலில் கொண்டுவந்தது தந்திக்கம்பி. 1863-ல் கராச்சியிலிருந்து குவாதர் வரை கம்பி வந்துவிட்டது. லண்டனுக்கும் இந்தியாவுக்கும் செய்தி போக அந்தப் பாதை வேண்டியிருந்தது. கம்பியைக் காக்க உள்ளூர்த் தலைவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். அதன் பிறகு ராபர்ட் சாண்டிமன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வந்தார். 1876-ல் கலாத்தை ஆண்ட கானுடன் உடன்படிக்கை ஆனது. குலத்தலைவர்களான சர்தார்களுக்குப் படியளந்து, அவர்கள் வழியாகவே ஆளுவதுதான் சாண்டிமன் முறை. ஒழுங்கு கெடாமல் இருந்தால் போதும், உள்ளே எப்படி வாழ்கிறார்கள் என்பது சர்தாரின் பாடு. இந்த முறையில் பள்ளிக்கூடத்துக்கு இடமே இல்லை. ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த குவெட்டாவில், இன்றைய மாகாணத் தலைநகரில், பள்ளிகள் வந்தன. கலாத், மக்ரான், காரான், லாஸ் பேலா ஆகிய சமஸ்தானப் பகுதிகள் அப்படியே விடப்பட்டன.

சர்தார்கள் எல்லோரும் படிப்புக்கு எதிரி என்றும் சொல்ல முடியாது. யூசுப் அஜீஸ் மக்சி ஒரு பெரிய குலத்தின் தலைவர். 1930-களின் தொடக்கத்தில் தன் ஊரான ஜலில் பள்ளி திறந்தார், தன் குலத்துப் பிள்ளைகள் படித்தாக வேண்டும் என்றார். பலூச்களை ஓர் அரசியல் அமைப்பாகத் திரட்டிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். 1935 மே 31 அன்று குவெட்டாவைத் தரைமட்டமாக்கிய பூகம்பத்தில் இறந்துபோனார். வயது முப்பதைக்கூடத் தொடவில்லை. ஒரு மனிதரின் மனதை நம்பி நின்ற கல்வி, அந்த மனிதர் போனதும் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1948 மார்ச்சில் மக்ரானும் கலாத்தும் பாகிஸ்தானில் சேர்க்கப்பட்டன. 1955-ல் மேற்குப் பாகிஸ்தான் முழுவதையும் ஒரே மாகாணமாகக் கட்டினார்கள். அந்த அமைப்பு 1970-ல் கலைந்த பிறகுதான் பலுசிஸ்தான் என்ற மாகாணமே பிறந்தது. அதன் முதல் பல்கலைக்கழகமும் அதே ஆண்டில்தான் குவெட்டாவில் தொடங்கியது. அதுவரை மேலே படிக்க நினைத்த மக்ரான் இளைஞனுக்கு கராச்சிதான் கதி. அங்கே லியாரி போன்ற இடங்களில் பலூச் மக்கள் தலைமுறைகளாக இருந்ததால் தங்க ஒரு திண்ணையாவது கிடைத்தது. பலூச்சி இதழ்கள் அச்சானதும் வானொலியில் பலூச்சி ஒலித்ததும் முதலில் கராச்சியில்தான். 1967-ல் பலூச் மாணவர் அமைப்பு உருவானதும் அந்த நகரில்தான்.

1972-ல் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாகாண அரசு வந்தது. கவிஞர் குல் கான் நசீர் கல்வி அமைச்சர். பலூச்சியில் கவிதை எழுதிய ஒருவர் கையில் கல்வித்துறை வந்தது பெரிய நம்பிக்கையைத் தந்திருக்கும். ஆனால் அந்த அரசே அலுவல் மொழியாக உருதுவைத்தான் தேர்ந்தெடுத்தது. காரணமும் புரிந்துகொள்ளக்கூடியதே. மாகாணத்தில் பலூச்சி, பிராகுயி, பஷ்தோ என்று பல மொழிகள். பலூச்சியை எந்த எழுத்தில் எழுதுவது, அரபு வழி எழுத்திலா ரோமன் எழுத்திலா என்ற சண்டையும் அப்போது சூடாக நடந்தது. இதையெல்லாம் பேசித் தீர்க்க அவகாசம் கிடைக்கவில்லை. 1973 பிப்ரவரியில் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. அடுத்த நான்கு ஆண்டுகள் மலைகளில் போர்.

இனி மக்ரானுக்கு வருவோம். மாகாணத்தின் மற்ற பலூச் பகுதிகளைவிடப் படிப்பு இங்கே ஆழமாக வேர்விட்டது. ஏன்?

ஒரு காரணம், சர்தார் முறை இங்கே ஒருபோதும் அவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை. மக்ரான் ஆடு மேய்த்து மலை மலையாக நகரும் நாடல்ல. நிலத்தடிக் கால்வாய்களான காரீஸ்களின் நீரில் பேரீச்சந் தோப்பு வளர்த்த ஊர்கள் இவை. காரீஸ் நீரைப் பங்கு பிரித்து, முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். ஓரிடத்தில் நிலைத்து வாழும் இந்தக் குடும்பங்களுக்கு, ஒரு தலைவனின் பின்னால் அணிவகுப்பதைவிடத் தோப்பும் தண்ணீரும் முக்கியம். ‘பள்ளி வேண்டாம்’ என்று ஊருக்கே ஆணையிட ஆள் இல்லை.

இரண்டாவது காரணம் கடல். குவாதர் 1958 செப்டம்பர் வரை ஓமான் சுல்தானின் உடைமையாக இருந்தது. பாகிஸ்தான் விலை கொடுத்து வாங்கிய பிறகும் ஓமான் படையில் பலூச்கள் சேர்வது நிற்கவில்லை. எண்ணெய்ப் பணம் பெருகியதும் மஸ்கட், குவைத், பஹ்ரைன் என்று ஆண்கள் போனார்கள். போனவர்கள் ஒன்றைக் கண்ணால் பார்த்தார்கள். ஒரே ஊரிலிருந்து வந்த இரண்டு பேரில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் அலுவலகத்தில் உட்கார்ந்தான், தெரியாதவன் வெயிலில் மூட்டை தூக்கினான். வீட்டுக்கு அனுப்பிய பணத்தோடு ‘பையனைப் படிக்க வை’ என்ற சொல்லும் சேர்ந்து போயிற்று. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய நம் ஊர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மந்தில் பெண்கள் பள்ளி வந்ததும் இந்த வழியாகத்தான். ஜுபைதா ஜலால் குவைத்தில் பிறந்தவர். குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது அங்கே பெண் பிள்ளைகள் படிக்க இடம் இல்லை. 1982-ல், தந்தையின் துணையோடு, அவரே ஒரு தொடக்கப் பள்ளியை ஆரம்பித்தார். முதல் ஆசிரியையும் அவரேதான். இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் பெண் பிள்ளையை ஆண் ஆசிரியரிடம் அனுப்ப மாட்டார்கள். ஆசிரியை வேண்டும். வெளியூர்ப் பெண் வந்து தங்க விடுதி கிடையாது, சாலை கிடையாது. ஆக உள்ளூரிலேயே படித்த பெண் இருந்தால்தான் ஆசிரியை கிடைப்பார். பள்ளி இருந்தால்தான் உள்ளூரில் படித்த பெண் உருவாவார். இந்த வட்டத்தை எங்கோ ஓரிடத்தில் வெளியிலிருந்து வந்து ஒருவர் உடைக்க வேண்டும். மந்தில் அதை உடைத்தது குவைத்திலிருந்து திரும்பிய ஒரு குடும்பம். 1999-ல், ராணுவ ஆட்சியின்போது, ஜுபைதா ஜலால் பாகிஸ்தானின் கல்வி அமைச்சரானார். அந்த அரசியலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். 1982-ல் செய்தது அதைவிடப் பெரிய காரியம் என்பதே என் எண்ணம்.

துர்பத்திலும் பஞ்ச்கூரிலும் பிறகு ஆங்கிலப் பயிற்சி மையங்கள் முளைத்தன. அரசுப் பள்ளி முடிந்ததும் சாயங்காலம் அங்கே போய் ஆங்கிலம் படிப்பார்கள். படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த இளைஞர்களே பலவற்றை நடத்தினார்கள். பையன்களும் பெண்களும் ஒரே கூரைக்குக் கீழ். 2014 மே மாதம் பஞ்ச்கூரில், அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு மதவாதக் குழு, பெண்களுக்குக் கற்பிப்பதை நிறுத்தச் சொல்லி மிரட்டல் கடிதம் அனுப்பியது. தனியார் பள்ளிகளும் மையங்களும் மூடப்பட்டன. அப்போது தெருவுக்கு வந்து ஊர்வலம் போனவர்கள் பெற்றோரும் மாணவர்களும்தான். படிப்பில் அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்பவர்கள் அந்த ஊர்வலத்தை என்ன செய்வார்கள்? அதே ஆண்டு டிசம்பரில் குவாதரில் தனியார் பள்ளி ஒன்றின் நிறுவனர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கொலைகள் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை மாகாணத்தில் ஆசிரியர்களும் கல்வித்துறையினருமாகக் குறைந்தது 22 பேர் ஆயுதக் குழுக்களால் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்திருக்கிறது. பஞ்சாபியோ உருது பேசுபவரோ ஆனால் ‘வெளியாள்’ என்று முத்திரை. பல தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்களும் தப்பவில்லை. பலுசிஸ்தான் பல்கலைக்கழகப் பேராசிரியை நஜிமா தாலிப் 2010 ஏப்ரலில் கொல்லப்பட்டபோது பலூச் விடுதலைப் படை பொறுப்பேற்றது. அடுத்த ஆண்டு ஜூன் முதல் நாள், அதே பல்கலைக்கழகத்தின் சபா தஷ்தியாரி குவெட்டா தெருவில் சுடப்பட்டார். அவர் பலூச் உரிமைக்காக வெளிப்படையாகப் பேசியவர், கராச்சியின் மலீரில் பலூச்சி நூல்களுக்கென்று ஒரு நூலகத்தைத் தன் முயற்சியில் எழுப்பியவர். பயத்தில் ஆசிரியர்கள் பலர் இடமாற்றம் கேட்டுப் போனார்கள். கணக்கும் அறிவியலும் சொல்லித்தர ஆள் இல்லாத வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்தது பலூச் பிள்ளைகள். விடுதலையின் பெயரால் இதைச் செய்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் கையிலிருந்தே புத்தகத்தைப் பிடுங்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அரசின் பங்கு வேறு விதம். 2016-ல் மாகாணக் கல்வி அமைச்சரே வெளியிட்ட கணக்கு இது: சுமார் 900 பள்ளிகள் காகிதத்தில் மட்டும் இருக்கின்றன. மூன்று லட்சம் மாணவர் பெயர்கள் போலி. 60,000 ஆசிரியர்களில் 15,000 பேரைப் பற்றிய பதிவு இல்லை. இது எப்படி நடக்கும்? வேறு வேலையே இல்லாத மாவட்டத்தில் ஆசிரியர் பதவி என்பது மாதம் தவறாத சர்க்கார் சம்பளம். அதை வாங்கித் தருவது அரசியல்வாதியின் கையில் இருக்கும் பெரிய பரிசு. பரிசாக வாங்கியவர் வகுப்புக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்க வேண்டிய அதிகாரி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். கட்டடம் இருந்தால் அது ஊர்ப் பெரியவரின் விருந்தினர் அறையாகவோ மாட்டுக் கொட்டகையாகவோ மாறிவிடும். அரசியல் சட்டத்தின் 25-அ பிரிவு 2010 முதல் 5 வயதிலிருந்து 16 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமை காகிதப் பள்ளியின் வாசலில் போய் நிற்கிறது.

ஈரான் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1928-ல் ஈரான் மன்னர் ரேசா ஷாவின் படை அங்கே நுழைந்த பிறகு பள்ளி பாரசீகத்தோடு சேர்ந்தே வந்தது. 1963-ல் எழுத்தறிவுப் படை என்ற திட்டத்தில், கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த படித்த இளைஞர்களை ஆசிரியர்களாகக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். இன்றும் தெற்கே சில ஊர்களில் பேரீச்ச ஓலையால் வேய்ந்த ‘கபர்’ குடிசையில் பள்ளி நடப்பது உண்டு. பிறப்புச் சான்று இல்லாததால் பள்ளியில் சேர முடியாத பலூச் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வட்டார மொழி இலக்கியத்தைப் பாரசீகத்தோடு கற்பிக்கலாம் என்கிறது ஈரான் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு. பலூச் பிள்ளைகளின் வகுப்பறை வரை அது வந்து சேரவில்லை.

மொழிக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் எனக்கு இதுதான் நடு முடிச்சாகப் படுகிறது. 1990-ல் மாகாண அரசு ஒரு சட்டம் இயற்றி, தொடக்கப் பள்ளியில் பலூச்சி, பிராகுயி, பஷ்தோ வழியே கற்பிக்க ஏற்பாடு செய்தது. புத்தகங்கள் தயாராகின. 1992-ல் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டு விருப்பம் என்றாக்கினார்கள். விருப்பமானதும் அது மெல்ல மறைந்தது. பெற்றோரும் முழு மனதோடு கேட்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலை உருதுவிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்போது, தாய்மொழி வகுப்பு பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளிவிடுமோ என்று பயந்தார்கள். அந்தப் பயம் நமக்கும் பழக்கமானதுதான். ஆனால் அப்புறம் நடப்பது என்ன? முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பிள்ளை பொருள் தெரியாமல் எழுத்தை உருப்போடுகிறது. புரியாத பிள்ளைதான் முதலில் நின்றுவிடும்.

இதில் பிராகுயி நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. கலாத், மஸ்துங், குஸ்தார் பக்கம் பேசப்படும் அது திராவிட மொழி. முன்னிலை ஒருமைக்கு அவர்களும் ‘நீ’ என்றே சொல்கிறார்கள். கண் அங்கே ‘ஃகன்’, கல் ‘ஃகல்’. நம் மொழியின் தூரத்து உறவு ஒன்று, தன் பிள்ளைகளின் வகுப்பறைக்கு வெளியே நிற்கிறது என்று தெரிந்தபோது எனக்கு மனம் கனத்தது.

2020-ல் கொரோனா வந்து பள்ளிகளை மூடிய நேரம். மந்த் சுற்றுவட்டாரத்தில் இணையம் கிடையாது, வீட்டில் புத்தகமும் கிடையாது. ஆகஸ்டில் ஜுபைதா ஜலாலும், அவர் பெயரால் இப்போது அங்கே நடக்கும் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியையான அவர் சகோதரியும் சேர்ந்து ஓர் ஒட்டகத்தை ஏற்பாடு செய்தார்கள். பெயர் ரோஷன், வெளிச்சம் என்று பொருள். முதுகின் இரு பக்கமும் புத்தகங்களை மாட்டிக்கொண்டு அது நான்கு கிராமங்களுக்குப் போனது. ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மணி நேரம் நிற்கும். பிள்ளைகள் ஓடி வந்து, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எடுத்துப் போவார்கள், அடுத்த முறை வரும்போது திருப்பித் தருவார்கள்.

அதே ஆகஸ்ட், அதே கேச் மாவட்டம். கராச்சிப் பல்கலைக்கழகம் மூடியிருந்ததால் ஊருக்கு வந்திருந்த ஒரு மாணவர், துர்பத்தில் பெற்றோருடன் பேரீச்சந் தோப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். கேச்சில் அது ‘ஆமேன்’, அறுவடைக் காலம். வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் தோப்புகளுக்கு வந்து சேரும் நாட்கள். 13-ஆம் தேதி அருகே ஒரு குண்டு வெடித்தது. துணை ராணுவத்தினர் தோப்புக்குள் வந்து அந்த மாணவரை இழுத்துப் போய், பெற்றோரின் கண் முன்னே சுட்டார்கள். சுட்ட வீரருக்கு நீதிமன்றம் பின்னர் மரண தண்டனை விதித்தது. தோப்பில் உழைத்த காசில் படிக்க வைத்த பிள்ளை அவர்.

துர்பத்தில் 2012 முதல் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பலூச்சி மொழிக்கும் பண்பாட்டுக்கும் அங்கே தனித் துறை உண்டு, பலூச்சியில் முதுகலைப் பட்டம் வாங்கலாம். 2014-ல் வந்த சட்டம் தொடக்கப் பள்ளிகளில் தாய்மொழியை ஒரு கூடுதல் பாடமாகச் சேர்க்கச் சொன்னது. கணக்கையும் அறிவியலையும் எந்த மொழியில் சொல்லித்தருவது என்பதை அந்தச் சட்டம் தொடவில்லை. பலூச்சியில் பள்ளிக்கூடத்துக்கு ‘வானக்ஜா’ என்று பெயர், வாசிக்கும் இடம் என்று அர்த்தம். அந்தச் சொல்லும் ஒன்றாம் வகுப்பு உருதுப் புத்தகத்தில் கிடையாது.